கிள்ளான்காரர் கேட்ட கேள்வி

நேற்று சாயங்காலம் மேல்மாடிப் பெண் குழந்தை என் வீட்டுக் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ வேலை கொடுத்திருக்கிறார்களாம். அக்கம்பக்கத்தில் பெரியவர் ஒருவரைப் பிடித்து இங்லீஷில் நாலு கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். இந்த பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் சும்மா இருக்கக்கூடிய ஆள் நான்தான் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"ஈஸிதான் லா ஆன்டி. சிம்பிள் பிரசன்ட் டென்ஸ் மட்டும்தான்," என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

எனக்கா தைரியம்? அந்த டென்ஸுக்கு நான் ஒரு காலத்தில் வாத்தியார். சொன்னால் நம்ப மாட்டாள் என்று விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? ஐந்து மணிக்கு. காலையில் என்ன குடிக்கிறீர்கள்? கோப்பி. யாரோடு இருக்கிறீர்கள்? தனியாக. எல்லாம் தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக, "வாட் டூ யூ லைக், ஆன்டி?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று போனது. நான் பேசாமல் இருந்தேன். ரயில் போன பிறகும் பேசாமல்தான் இருந்தேன். "நாளைக்கு வாம்மா, யோசிச்சு வைக்கிறேன்," என்று அனுப்பிவிட்டேன். தனக்குப் பிடித்தது என்னவென்று யோசித்துச் சொல்லும் ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியேறினாள்.

ரயில் போகும்போது பேச்சை நிறுத்துவது, ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உள்ள வியாதி. எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு வேலியும் கொஞ்சம் லாலாங் புல்லும்தான். எஞ்சின் வந்தால் எதிரில் இருப்பவர் வாயசைப்பதுதான் தெரியும். அதனால் ரயில் வருகிறது என்றால் எல்லோரும் அப்படியே நிறுத்திக்கொள்வார்கள். சண்டையாக இருந்தாலும் சரி, ஒப்பாரியாக இருந்தாலும் சரி. கடைசி வண்டி கடந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். வெளியிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு முதலில் சிரிப்பாக இருக்கும். போகிற நேரத்துக்குள் அவர்களும் அப்படியே ஆகிவிடுவார்கள்.

ரயில் என்றால் கரித்தூள். கரித்தூள் என்றால் எனக்கு அக்காதான். காயப்போட்ட வேட்டியில் எஞ்சின் கரி விழுந்து புள்ளி புள்ளியாக ஆகிவிடுமென்று, எந்த ரயில் போன பிறகு கொடியில் துணி போடலாம், எந்த ரயிலுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்பா ரயில்வேயில் கூட்ஸ் ஷெட் கிராணி, சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. அவரைவிட டைம்டேபிள் தெரிந்தவள் அக்கா என்று நாங்கள் கேலி செய்வோம்.

தம்பி பிறந்த கையோடு அம்மா போய்விட்டாள். அன்றைக்கு அக்கா பள்ளிக்கூடத்தை விட்டாள். ஏனென்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுப்படியில் ஓர் ஆள் வேண்டும், அவள் போய் நின்றாள், அவ்வளவுதான். நான் வளர்ந்து கான்வென்டில் சேர்ந்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு போனேன் என்றால், இஸ்திரி போட்டதும் ஷூவுக்கு வெள்ளை அடித்ததும் அவள். அவளுக்குப் பத்தொன்பது வயதாகியிருந்தது. அந்தக் காலத்தில் அது ஊர் வாயில் விழுகிற வயது. வந்த இரண்டு சம்பந்தமும், "பின்னாடியே ரெண்டு சின்னதுங்க வந்து நிக்குமே," என்று சொல்லிக் கழன்றுகொண்டன.

அப்போதுதான் ஜவுளி பாய் மூன்றாவது சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் வீடு வீடாகப் போய் வருபவர். சேலை விற்றாரோ இல்லையோ, சேதி நிறைய விற்றார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தொப்பியை எடுத்து முகத்துக்கு விசிறிக்கொண்டே சொன்னார்:

"கிராணி ஐயா, பையன் தங்கம். கிள்ளான்ல கிராணி வேலை. ஒரே புள்ள, தாயார் மட்டும்தான். பொண்ணுக்குப் பின்னாடி யாரு இருக்கா, எத்தன பேருன்னு அவங்க கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க."

"என்ன பாய்?"

"பொண்ணு இங்லீஷ் பேசணுமாம். தொரை பொஞ்சாதி கிராணிமாரு வீட்டுக்கெல்லாம் வந்து போகுதாம். அந்தம்மா வந்து நின்னா ரெண்டு வார்த்தை சொல்லத் தெரியணுமில்ல?"

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். ஏனென்றால் வீட்டில் வேலையில்லாமல் இருந்த ஒரே இங்லீஷ் நான்தான். அப்பாவுக்கு இங்லீஷ் தெரியும், ஆனால் ஷெட்டிலிருந்து வந்தால் அவருக்குத் தமிழே வாயில் வராது. பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. பத்து வயது வாத்தியாரம்மா அன்றைக்கே அடிக்குச்சியோடு வேலையில் சேர்ந்தாள்.

எங்கள் வகுப்பில் அப்போது மிஸ் நடத்திக்கொண்டிருந்தது சிம்பிள் பிரசன்ட் டென்ஸ். நடந்து போனது, நடக்கப் போவது எல்லாம் அடுத்த வருஷப் பாடம். ஆகவே என்னிடமிருந்த சரக்கு அது ஒன்றுதான். மிஸ் சொன்னதை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தேன்.

"இப்ப செய்றதச் சொல்லக்கூடாது. தெனமும் செய்றதைத்தான் சொல்லணும்."

அக்கா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். "தெனமும் செய்றதைத்தானேடி இப்பவும் செய்றேன்?" என்றாள்.

அதற்கு மிஸ் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை. அடுத்த பாடத்துக்குத் தாவினேன். எப்போதும் உண்மையாக இருப்பதையும் இப்படித்தான் சொல்ல வேண்டும், உதாரணம், 'த சன் ரைஸஸ் இன் த ஈஸ்ட்' என்றேன். அக்கா அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "நான் எந்திரிச்சு ரெண்டு குடம் தண்ணி எடுத்த பெறகுதான் அது எந்திரிக்குது. அதையும் எழுதிக்கோ," என்றாள்.

தனியாக உட்கார்ந்து படிக்க அவளுக்கு ஏது நேரம்? அதனால் அவள் என்ன வேலை செய்கிறாளோ அதுவே பாடம். அவள் 'ஐ' என்று ஆரம்பித்துச் சொல்ல வேண்டும், நான் 'ஷீ' என்று மாற்றி 'எஸ்' சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐ கெட் அப் அட் ஃபைவ். ஷீ கெட்ஸ் அப் அட் ஃபைவ். ஐ லைட் த ஸ்டவ். ஷீ லைட்ஸ் த ஸ்டவ். பைப்படியில் குடம் நிறையும்போது, ரப்பர் விறகை அவள் ஒடிக்கும்போது, தம்பிக்கு எண்ணெய் தேய்க்கும்போது என்று பாட்டுக் கச்சேரியில் பின்பாட்டுக்காரி மாதிரி நான் கூடவே திரிந்தேன். பச்சை ரப்பர் விறகு எரிந்தால் ஒரு புளிப்பு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் என் நாக்கில் ஒரு 'எஸ்' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஓர் இடத்தில்தான் அக்கா முரண்டு பிடித்தாள். 'மை ஃபாதர் கம்ஸ் அட் சிக்ஸ்' என்பதை அவள் வாய் சொல்ல மறுத்தது.

"அதெப்படிடி? தம்பி வந்தாலும் கம்ஸ், அப்பா வந்தாலும் கம்ஸா? அப்பாவை வரான் போறான்னு சொல்ற மாதிரி இருக்கு."

"இங்லீஷ்ல அப்படித்தான்."

"இங்லீஷ்ல இருந்துட்டுப் போகட்டும். நான் சொல்ல மாட்டேன்."

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பலருக்குச் சொல்வதை மரியாதைக்குச் சொன்னால் போகிறது. 'மை ஃபாதர், தே கம் அட் சிக்ஸ்.' நான் குச்சியால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. அப்பாவிடம் போய் முறையிட்டேன். அவர் செய்தித்தாளை விலக்காமலேயே, "ரயில்வே பூரா இந்த டென்ஸ்தாம்மா. த மெயில் லீவ்ஸ் அட் டென். லேட்டாப் போனாலும் லீவ்ஸ் அட் டென்தான்," என்று சம்பந்தமில்லாத தீர்ப்பு ஒன்றைச் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் ரயிலில் வந்து இறங்கி, ஜவுளி பாய் வழிகாட்ட நடந்தே வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் பெரிது. கோட்டு இரவல் என்று பார்த்தவுடனே தெரிந்தது, அதன் கை விரல் நுனி வரை வந்து தொங்கியது. அவருடைய அம்மா வெற்றிலைப் பெட்டியோடு சம்மணமிட்டு உட்கார்ந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அக்கா கேசரியும் கோப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மற்ற வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். இங்கே அந்த அம்மா, "பொண்ணு இங்லீஷ்ல ஏதாவது சொல்லட்டும். எனக்குப் புரியாது, கேக்கத்தான் ஆசை," என்றார்.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஐ கெட் அப் அட் ஃபைவ்," என்றாள்.

"ஷீ கெட்ஸ் அப் அட் ஃபைவ்," என்றது திரைச்சீலை.

சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கதோஷம். கூடத்தில் மாப்பிள்ளை கோப்பி புரையேறி இருமினார். பாய் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். "யாரது உள்ள? வெளிய வா பாப்பா," என்று அந்த அம்மா கூப்பிட்டார். தம்பியை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். "உனக்கு இங்லீஷ் தெரியுமா? அப்ப உங்கக்கா சொல்றத எனக்குத் தமிழ்ல சொல்லு," என்று என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்.

அக்கா மறுபடி ஆரம்பித்தாள். பைப்படியில் தண்ணீர் எடுக்கிறேன். அடுப்பு மூட்டுகிறேன். அப்பாவுக்குச் சோறு கட்டுகிறேன். தம்பியைக் குளிப்பாட்டுகிறேன். தங்கைக்குத் தலை பின்னுகிறேன். எட்டரை ரயில் போன பிறகு துணி உலர்த்துகிறேன். பாசாருக்குப் போகிறேன். மிளகாய் அரைக்கிறேன். விறகு பிளக்கிறேன். பாத்திரம் துலக்குகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு கிழிந்ததைத் தைக்கிறேன். ஐ ஸ்லீப் அட் லெவன்.

நாங்கள் பயிற்சி செய்ததெல்லாம் அதுதான், வேறொன்றும் அவளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதலில் சந்தோஷமாகத் தலையாட்டிய அந்த அம்மா, பாதியில் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார். கையிலிருந்த வெற்றிலை மடிக்காமல் அப்படியே இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தினமும் அந்தச் சோற்றைத்தான் தின்றார், அந்த வேட்டியைத்தான் கட்டினார். ஆனால் எல்லாவற்றையும் வரிசையாக ஒரே மூச்சில் இப்போதுதான் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. தன் கையிலிருந்த கேசரித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

மாப்பிள்ளைதான் நிலைமையைச் சமாளித்தார். "வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?" என்று மெல்லக் கேட்டார்.

"தே வொர்க் இன் த கூட்ஸ் ஷெட்," என்றாள் அக்கா, மரியாதையாக.

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தனை தடவை தட்டியும் கேட்காதவள் கடைசியில் சபையில் மானத்தை வாங்கிவிட்டாளே என்று கண்ணை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தன் அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டு அக்காவிடம், "மை மதர், தே குக் வெரி வெல்," என்றார். அந்தப் பெரிய காது அந்த நிமிஷத்தில் எனக்கு அழகாகத் தெரிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு இன்னொன்று கேட்டார். "அண்ட் வாட் டூ யூ லைக்?"

செய்வதெல்லாம் பயிற்சி செய்தோம், பிடித்தது என்ன என்பதைப் பயிற்சி செய்யவில்லை. எனக்கு அந்த வார்த்தை தெரியும். வகுப்பில் ஐ லைக் மேங்கோஸ், ஐ லைக் மை டால் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறோம். ஆனால் அக்காவுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளையும் யாரும் எந்த மொழியிலும் அதைக் கேட்டதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் 'மேங்கோ' என்று வாயசைத்தேன். அந்த நேரத்தில் கூட்ஸ் வண்டி வந்தது.

வீடே அதிர்ந்தது. கிள்ளான்காரர்களும் எங்களைப் போலவே அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நீளமான வண்டி. அது போய் முடியும் வரை அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பெட்டி கடந்ததும் திரும்பி, ரொம்பத் தெளிவாகச் சொன்னாள்:

"ஐ லைக் ஸ்லீப்."

பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு பெண் எனக்குத் தூக்கம் பிடிக்கும் என்று சொன்னால் என்ன ஆகும் என்று பத்து வயதுக்கே தெரியும். அக்கா அடுப்படியிலேயே இருந்துவிட வேண்டியதுதான்.

"என்ன சொல்லுது பொண்ணு?" என்று அந்த அம்மா என் தோளைத் தட்டினார்.

"சாமி கும்புடப் பிடிக்குமாம்," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பாய் மோட்டுவளையைப் பார்த்தார். மாப்பிள்ளை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, தன் அம்மாவிடம் நிதானமாக, "ஆமாம்மா, அதேதான் சொன்னாங்க," என்றார்.

"நல்ல புள்ள," என்றார் அந்த அம்மா, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு.

அவர்கள் போன பிறகு அப்பா, "தூக்கமாம்மா?" என்று மட்டும் கேட்டார். "வேற வார்த்தை வரலப்பா," என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கேசரிச் சட்டியைத் துலக்கப் போய்விட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் வீடு முழுக்கப் புகை. கண்ணைத் திறந்து பார்த்தால் அடுப்பின் முன்னால் அப்பா குந்தியிருக்கிறார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிகிறது. வேட்டியில் மண்ணெண்ணெய். எங்களைப் பார்க்காமலேயே, "ஐ லைட் த ஸ்டவ்," என்றார். நான் பாயில் கிடந்தபடியே, "ஹி லைட்ஸ் த ஸ்டவ்," என்றேன். அக்கா எனக்குப் பக்கத்தில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. முழங்கையால் கண்ணை மூடியிருந்தாள், காதோரமாகக் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் அழுகை வந்தது, புகைதான் என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அப்பா போட்ட கோப்பியைப் போல மோசமான கோப்பியை நான் பிறகு எங்கும் குடித்ததில்லை. மூன்று பேரும் ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.

பாய் பதில் கொண்டுவரும் வரை அப்பாதான் அடுப்பு மூட்டினார். பாய் வந்ததும் மூட்டையைக்கூட இறக்கவில்லை.

"சரின்னுட்டாங்க! பையன் பொண்ணுகிட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னாரு. அவங்க வீட்டுல சாமி ஏழு மணிக்குத்தான் எந்திரிக்குமாம்."

அக்கா சிரித்ததை அன்றைக்குத்தான் பல் தெரியப் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்து அவள் கிள்ளானுக்குப் போனாள். 'ஷீ' என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் 'ஐ' என்று என் தலையில் வந்து விழுந்தது. பாதியை அப்பா வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் பள்ளி விடுமுறைக்கு அப்பாவும் நானும் தம்பியும் கிள்ளானுக்குப் போனோம். உச்சி வெயில். வாசலுக்குள் நுழையும்போதே நான், "அக்கா!" என்று கத்தினேன். அக்காவின் மாமியார் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"சத்தம் போடாத பாப்பா. உள்ள உங்கக்கா சாமி கும்புடுறா."

எட்டிப் பார்த்தேன். மத்தியான வெளிச்சத்தில், பாயில், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் என் காதைப் பிடித்து லேசாகத் திருகி, "இங்லீஷ் எனக்குத் தெரியாதுதான். பொய் தெரியாதா?" என்றார். அப்பா திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மாமியார் இல்லை, அத்தான் இல்லை, அப்பா எப்போதோ போய்விட்டார். அக்காவும் போன வருஷம் தூக்கத்திலேயே போனாள். எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், பைப்படி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ரயில் போகும்போது இப்போது யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. நான் நிறுத்தினால் எனக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

இன்றைக்கும் ஐந்து மணிக்கு எழுந்தேன். கேஸ் அடுப்பைத் திருகினேன், புகையில்லாமல் சத்தமில்லாமல் எரிந்தது. கோப்பியை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அந்த நாளில் குவார்ட்டர்ஸில் நான் பாதித் தூக்கத்தில் கிடக்கும்போது பக்கத்தில் அக்கா எழுந்து தாவணியைச் செருகுவாள். விறகு ஒடியும், ஊதுகுழல் ஊதும், புளிப்பு வாசனை வரும். நமக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று நான் புரண்டு படுப்பேன். எனக்குப் பிடித்தது அதுதான், இத்தனை வயதுக்குப் பிறகு இன்று காலையில்தான் தெரிந்தது. அக்காவுக்குப் பிடித்தது தூக்கம். எனக்குப் பிடித்தது, அவள் அந்தத் தூக்கத்தை விட்டு எழுந்து போகிற சத்தம்.

சாயங்காலம் அந்தப் பிள்ளை பென்சிலோடு வருவாள். அந்தச் சத்தம் அவளுடைய சிம்பிள் பிரசன்ட் டென்ஸில் அடங்காது. சாமி கும்பிடப் பிடிக்கும் என்று எழுதிக்கொள்ளச் சொல்லப் போகிறேன்.